சில வேளை எடுக்கும், சில வேளை எடுக்காத டிராக்டர்: பழுது காணும் பாடம்

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு

நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு நாளின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. புரட்டாசியாகிய கன்னி மாதத்தில் கன்னிப்பூ அறுவடையாகிறது. கதிர் களத்துக்கு ஏறியவுடனே தாள் மடக்கி உழுது, தொளி கலக்கி, கும்பப்பூவுக்கு நடவு செய்தாக வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே கிடைப்பவை சில நாட்களே. அந்நாட்களிலேயே வடகிழக்குப் பருவமழையும் நெருங்கி வந்துகொண்டிருக்கும். 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர், வழக்கமாக ஜூன் மாதத் தொடக்கத்தில் திறக்கப்பட்டுப் பிப்ரவரி வரை கால்வாய்களில் ஓடுகிறது. அந்த நீரின் முறைக்கும் மழையின் போக்குக்கும் கட்டுப்பட்டே இங்கு ஏர் பூட்ட வேண்டும். ஒரு வயலின் உழவு இரண்டு நாள் பிந்தினால், அடுத்த வயலின் நடவும் அதனைத் தொடர்ந்து பிந்துகிறது.

வடசேரி இன்று நாகர்கோவில் மாநகராட்சிக்குள் அடங்கிய ஊராகிவிட்டது. ஆயினும் பழையாற்றுப் படுகையை ஒட்டியும், அனந்தனாறு, நாஞ்சில் நாட்டுப் புத்தனாறு ஆகிய கால்வாய்களின் பாசனத்திலும் எஞ்சியுள்ள வயல்களுக்கு உழவு வேலை நிற்கவில்லை. எருதுகள் அருகிப்போன இக்காலத்தில் அவ்வேலையை டிராக்டரே செய்து வருகிறது. பலருக்குப் பொதுவாயுள்ள டிராக்டர், முறை வந்த அங்கத்தினரின் வயற்கரையில் வந்து நின்று சாவியைத் திருப்பியதும் வாளாவிருக்குமானால், அதனால் உண்டாகும் நஷ்டம் ஒருவருடையது மட்டுமன்று.

முழுவதும் பழுதாகிப்போன டிராக்டரைப் பற்றி இங்கு நாம் பேசவில்லை. அதனைக் கண்டுபிடித்தல் எளிது. காலையில் ஒரே முறையில் எடுத்து, நண்பகலில் எடுக்காமல், மெக்கானிக் வந்து நின்றதும் மறுபடி நன்றாக எடுக்கின்ற டிராக்டரே சங்கத்துக்குப் பெருந்தொல்லை. “இப்போது நன்றாகத்தானே இருக்கிறது, அண்ணாச்சி” என்று மெக்கானிக் போய்விடுவார். மறுநாள் அதே கதை. முதலில் புதிய பாட்டரி வாங்கப்படும். பின்னர் ஸ்டார்ட்டர் கழற்றப்படும். அதற்கும் பின் ஓட்டுபவர் மீது பழி விழும். பணமும் போய், அங்கத்தினருக்குள் இருக்கும் நம்பிக்கையும் போகும். இவ்விரண்டையும் காக்கும் வழியைக் கூறுவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. மறையும் பழுதுக்கும் காரணம் உண்டு

யந்திரத்துக்கு மனம் இல்லை. ஆதலின் பிடிவாதமும் இல்லை. ஒரு வேளை எடுத்து மறு வேளை எடுக்கவில்லையெனில், அவ்விரு வேளைகளுக்குமிடையே ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அவ்வாறு மாறக்கூடியவை பெரும்பாலும் ஐந்தே. முதலாவது சூடு. இரண்டாவது ஈரம். மூன்றாவது அதிர்ச்சியால் தளர்ந்த இணைப்பு. நான்காவது, லீவர், பெடல், சக்கரப்பல் முதலியவை நிற்கும் நிலை. ஐந்தாவது, வண்டி ஓடாமல் நின்ற நேரத்தின் அளவு.

பழுது தோன்றிய வேளையில் இவ்வைந்தும் எவ்வாறு இருந்தன என்பதை அறிந்தால், பழுதின் இருப்பிடம் பாதி தெரிந்துவிடும். அதனை அறியாமல் பாகங்களை மாற்றுவது, உரைகல்லில் தேய்த்துப் பாராமல் பொன் வாங்குவதை ஒக்கும். கோயில் நகை வேலைக்குப் பெயர்பெற்ற வடசேரியில் அவ்வாறு பொன் வாங்குவார் யாருமில்லை.

2. டிராக்டர் எவ்வாறு உயிர்பெறுகிறது

பழுதைத் தேடுமுன், வழியை அறிதல் வேண்டும். பழைய எஞ்சின்களை முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுற்றியே கிளப்பினர். அக்கைப்பிடி எதிர்த்துத் திரும்பிக் கையை ஒடிப்பதுண்டு. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் மோட்டார்களில் வந்தபின் அத்தொல்லை படிப்படியாக நீங்கிற்று. இன்று நாம் ‘ஸெல்ப்’ என்று வழங்குவது அதனையே.

சாவியைத் திருப்பினால் பாட்டரியிலிருந்து சிறிதளவு மின்சாரம் சாவி ஸ்விட்ச் வழியாகச் செல்கிறது. பல டிராக்டர்களில் அது கியர் லீவரின் அடியிலோ கிளட்ச் பெடலின் அருகிலோ உள்ள பாதுகாப்பு ஸ்விட்ச் ஒன்றையும் கடக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இல்லாவிடினும், கிளட்ச் மிதிக்கப்படாவிடினும் அந்த ஸ்விட்ச் வழிவிடாது. வழிவிட்டால் அச்சிறு மின்சாரம் ஸ்டார்ட்டரின் மேலுள்ள ஸொலினாய்டை இழுக்கிறது. ஸொலினாய்டு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஸ்டார்ட்டரின் சிறு பற்சக்கரத்தை முன்னே தள்ளி ஃபிளைவீல் பற்களில் கோக்கிறது. அதே சமயம் பாட்டரியின் பெரிய கம்பியை ஸ்டார்ட்டரோடு இணைக்கிறது. அப்போது சில நூறு ஆம்பியர் மின்சாரம் பாய்ந்து எஞ்சின் சுழல்கிறது.

சுழன்றால் மட்டும் போதாது. ருடால்ப் டீஸல் 1897-ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினின் தத்துவம் யாதெனில், காற்றை மிகவும் அழுத்தினால் அது சூடேறும். அச்சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும் என்பது. டிராக்டர் எஞ்சினில் காற்று ஏறக்குறைய 16 முதல் 18 மடங்கு சுருக்கப்பட்டு 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாகிறது. ஆதலின் எஞ்சின் போதிய வேகத்தில் சுழல வேண்டும். காற்று தடையின்றி உள்ளே வர வேண்டும். டீஸல், காற்றுக்குமிழியும் நீரும் கலவாமல் இன்ஜெக்டரை அடைய வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் எஞ்சின் பற்றாது.

3. நான்கு அடையாளங்கள்

‘எடுக்கவில்லை’ என்னும் ஒரே சொல்லில் நான்கு வேறுவேறு பழுதுகள் அடங்கியுள்ளன. எந்த அடையாளம் என்பதை ஓட்டுபவர் அவ்வேளையிலேயே காது கொடுத்துக் கேட்டு அறிதல் வேண்டும்.

(அ) சாவியைத் திருப்பினால் ஓசையே இல்லை. சிறு மின்சாரத்தின் வழியில் எங்கோ தடை: சாவி ஸ்விட்ச், ஃப்யூஸ், பாதுகாப்பு ஸ்விட்ச், அல்லது அவற்றின் கம்பி. விளக்கும் ஹாரனும் கூட இல்லையாயின், பாட்டரி அல்லது அதன் முனைகள்.

(ஆ) ‘டக்’ என்று ஓர் ஓசை மட்டும் கேட்கிறது, எஞ்சின் சுழலவில்லை. ஸொலினாய்டு இழுக்கிறது, பெரிய மின்சாரம் போகவில்லை என்பது பொருள். பாட்டரி முனைகள், எர்த் கம்பி, ஸொலினாய்டின் உள்ளேயுள்ள செம்புத் தட்டு, ஸ்டார்ட்டரின் கார்பன் பிரஷ் ஆகியவற்றை ஐயுற வேண்டும்.

(இ) எஞ்சின் முக்கிமுனகி மெல்லச் சுழல்கிறது. பாட்டரி இறங்கியிருக்கும், அல்லது இணைப்பில் தடை, அல்லது ஸ்டார்ட்டரின் புஷ் தேய்ந்து உட்பாகம் உரசும்.

(ஈ) எஞ்சின் நன்றாகச் சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை. மின்சாரத்தை விட்டுவிடலாம். டீஸல் அல்லது காற்றின் வழியைப் பார்க்க வேண்டும்.

4. கை வைக்குமுன் கவனிக்கற்பாலவை

டிராக்டரைச் சமநிலத்தில் நிறுத்திக் கை பிரேக்கைப் போட்டு, கியரையும் பி.டி.ஓ. லீவரையும் நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்குக் கல் அணை கொடுத்தல் வேண்டும். ரோட்டவேட்டர் முதலிய கருவிகளைத் தரையில் இறக்கிவிட வேண்டும்.

பாட்டரியிலிருந்து எழும் ஹைட்ரஜன் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஆகையால் அதனருகே பீடியும் தீக்குச்சியும் கூடா. பாட்டரியைக் கழற்றும்போது எர்த் முனையாகிய நெகடிவை முதலில் கழற்ற வேண்டும். பூட்டும்போது அதனைக் கடைசியில் பூட்ட வேண்டும். பாட்டரி அமிலம் தோலையும் கண்ணையும் எரிக்கும். பட்டால் உடனே மிகுதியான நீரில் கழுவி, கண்ணில் பட்டிருப்பின் தாமதமின்றி வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. ஸெல்ப் எடுக்காதபோது, தரையில் நின்றுகொண்டு ஸ்டார்ட்டரின் இரு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுக் கிளப்பும் வழக்கம் பல ஊர்களிலும் உண்டு. இவ்வாறு தொடும்போது மின்சாரம் பாதுகாப்பு ஸ்விட்சைக் கடந்து செல்வதில்லை, குறுக்கே பாய்ந்துவிடுகிறது. கியர் விழுந்திருந்தால் எஞ்சின் பற்றிய அதே கணத்தில் வண்டி நகரும். தொட்டவர் பின்சக்கரத்தின் முன்னாலேயே நிற்கிறார். விலகுவதற்கு அவருக்கு நேரமிராது. உலகின் பல நாடுகளிலும் உழவர்கள் இவ்வாறு தம் டிராக்டரின் சக்கரத்திலேயே உயிரிழந்திருக்கின்றனர். நடவு இரண்டு நாள் பிந்தலாம். ஓர் உயிர் போனால் திரும்பாது. இப்பழக்கத்தைச் சங்கம் தீர்மானம் போட்டே தடுக்க வேண்டும். பாதுகாப்பு ஸ்விட்சைக் கழற்றிவிட்டுக் கம்பியை நேரே முடிச்சிடுவதும் இதே குற்றமாகும்.

5. ஓசையில்லாமையும் ‘டக்’ ஓசையும்

சோதனையை எப்போதும் செலவில்லாததிலிருந்து தொடங்கிச் செலவுள்ளதற்குச் செல்ல வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பழுதாயிருந்தது என்பது ஒருபோதும் தெரியாது.

முதலில் பாட்டரி முனைகள். வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் களிம்பைக் கண்ணால் காணலாம். ஆனால் வெளியே சுத்தமாகத் தோன்றும் முனையிலும், ஈயக் கம்பத்துக்கும் கவ்விக்கும் இடையே மெல்லிய படலம் இருக்கக்கூடும். “விளக்கு நன்றாக எரிகிறதே, பாட்டரியில் என்ன குறை?” என்று பலரும் கேட்பதுண்டு. இக்கேள்விக்கு விடை கணக்கிலிருக்கிறது. படலத்தின் தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு, அதாவது 0.01 ஓம் என்று வைத்துக்கொள்வோம். விளக்குக்கு 5 ஆம்பியர் போதும். அங்கே இழப்பு 0.05 வோல்ட். அது கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட்டர் 300 ஆம்பியர் கேட்டால் இழப்பு 3 வோல்ட். 12 வோல்ட்டில் 3 போனால் ஸ்டார்ட்டர் எழும்பாது. ஆகவே விளக்கு எரிவது, சிறு வேலைக்கு வழி திறந்திருக்கிறது என்பதற்கே சாட்சி. பெரிய வேலைக்குச் சாட்சியன்று. சாவியைத் திருப்பும்போது விளக்கைக் கவனிக்க வேண்டும். அது அணைந்தாற்போல் மங்கினால் பாட்டரியோ முனையோ குற்றவாளி. மங்காமலே இருந்தால், மின்சாரம் ஸ்டார்ட்டருக்குள் புகவே இல்லை.

முனைகளைக் கழற்றி, ஆப்பச் சோடா கரைத்த வெந்நீரால் களிம்பைக் கழுவி, உலர்த்தி, உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே வாஸலின் தடவ வேண்டும். சோடாநீர் பாட்டரியின் அறைக்குள் ஒரு துளியும் போகலாகாது. அது அமிலத்தைக் கெடுக்கும். பொற்கொல்லர் பற்றவைக்குமுன் பொன்னின் முகத்தைச் சுத்தம் செய்வதுபோல, உலோகம் உலோகத்தைத் தொட வேண்டுமாயின் நடுவே அழுக்கு இருத்தலாகாது.

அடுத்தது எர்த் கம்பி. நெகடிவ் முனையிலிருந்து சட்டத்துக்கு அல்லது எஞ்சினுக்குச் செல்லும் இக்கம்பியைப் பலர் பார்ப்பதேயில்லை. அதன் மறுமுனை பெயின்டின் மேலும் துருவின் மேலும் அமர்ந்திருக்கும். ஒரு நாள் தொடும், மறு நாள் தொடாது. போல்ட்டைக் கழற்றிச் சட்டத்தில் அவ்விடத்தை வெள்ளி நிறம் வரும்வரை தேய்த்துப் பூட்ட வேண்டும். விட்டுவிட்டு வரும் பழுதில் இவ்விரண்டு இடங்களையே முதற்கண் ஐயுற வேண்டும். இரண்டுக்கும் காசு செலவில்லை.

மல்டிமீட்டர் ஒன்று சங்கத்தில் இருப்பின் சோதனை எளிது. ஓய்வாக இருக்கும் பாட்டரியின் இரு முனைகளுக்கிடையே 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நிறைந்தது, 12.2 ஆனால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழ் எனில் மிகவும் இறங்கியது. ஸெல்ப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழ் விழலாகாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். காட்டாவிடில் குறை பாட்டரியில் இல்லை. அதை நிரப்பும் ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கிறது. பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 1 முதல் 1.5 சென்டிமீட்டர் வரை அமுங்குவது பொதுவான அளவு.

எர்த் கம்பியை அளப்பதற்கு, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகடிவ் கம்பத்திலும் மற்றதை எஞ்சின் உடலிலும் வைத்து ஸெல்ப் அடிக்கச் செய்ய வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வழியில் தடையுண்டு. பாட்டரியின் பாசிடிவ் கம்பத்துக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய முனைக்கும் இடையே 0.5 வோல்ட் வரை பொறுக்கலாம்.

பாட்டரி திறந்த அறைகளுடையதாயின் ஹைட்ராமீட்டரால் ஆறு அறைகளையும் அளக்க வேண்டும். நிறைந்த நிலையில் ஏறக்குறைய 1.240 முதல் 1.280 வரை இருக்கும். ஓர் அறை மட்டும் மற்றவற்றினும் 0.050 அளவு குறைந்திருந்தால் அந்தப் பாட்டரி காலையில் உழைத்து மாலையில் கைவிடும். நீர் குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் தவிர வேறு எதுவும் ஊற்றலாகாது. கிணற்று நீரும் கால்வாய் நீரும் தகட்டைக் கெடுக்கும்.

மீட்டர் இல்லாதவர்க்குப் பரிசோதனை விளக்கு ஒன்று போதும். 12 வோல்ட் சிறு பல்பு ஒன்றில் இரு கம்பிகளை இணைத்து, ஒன்றை எஞ்சின் உடலிலும் மற்றதை ஸொலினாய்டின் சிறிய முனையிலும் தொடுவித்து, இருக்கையில் அமர்ந்த ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும். பல்பு எரிந்தும் ‘டக்’ ஓசை இல்லையெனில் ஸொலினாய்டு பழுது. பல்பு எரியவில்லையெனில் பழுது அதற்கு முன்னே, அதாவது சாவி, ஃப்யூஸ், பாதுகாப்பு ஸ்விட்ச், கம்பி ஆகியவற்றுள் ஒன்றில். ஒரு சோதனையில் பாதி வழி ஐயத்துக்கு அப்பாற்பட்டுவிடுகிறது. பழுது தோன்றும் வேளையிலேயே இதைச் செய்ய வேண்டும். நன்றாக எடுக்கும்போது செய்து பயனில்லை. ஆதலால் பரிசோதனை விளக்கை டிராக்டரின் கருவிப் பெட்டியிலேயே வைத்திருப்பது முறை.

‘டக்’ ஓசை கேட்டும் சுழலாத ஸ்டார்ட்டரை மரக்கட்டையால் மெல்லத் தட்டியவுடன் எடுத்தால், உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். தட்டுதல் பழுதைக் காட்டும் அடையாளமே. பழுதைத் தீர்க்கும் மருந்தன்று. அவ்வாரமே பிரஷ்ஷை மாற்ற வேண்டும். சில வேளை மட்டும் ‘கரகர’ என்று பல் உரசி, எஞ்சினைச் சற்றே நகர்த்தினால் எடுப்பதாயின், ஃபிளைவீல் பற்கள் சிலவிடங்களில் தேய்ந்துள்ளன. அணைக்கும்போது எஞ்சின் ஏறக்குறைய அதே சில நிலைகளிலேயே வந்து நிற்பதால், அவ்விடத்துப் பற்களே அடிக்கடி அடிபடுகின்றன. ஆகவேதான் இப்பழுது தோன்றி மறைகிறது.

6. சுழன்றும் பற்றாமை

இங்கே புகைக்குழாயைப் பார்க்க வேண்டும். ஸெல்ப் அடிக்கும்போது வெண்புகை வந்தால் டீஸல் உள்ளே போகிறது, எரியவில்லை. புகையே இல்லையாயின் டீஸல் போகவில்லை.

புகை இல்லாதபோது முதலில் எஞ்சினை அணைக்கும் குமிழைப் பாருங்கள். இழுத்த குமிழ் முழுவதும் உள்ளே திரும்பாமல் கம்பி துருவேறி நடுவில் நின்றுவிடுவதுண்டு. அப்போது பம்பு டீஸலை அனுப்பாது. பம்பின் மேலுள்ள சிறு லீவர் முழுவதும் திரும்புகிறதா என்று கண்ணால் காண வேண்டும். மின்சாரத்தால் அணையும் எஞ்சினாயின், சாவி போட்டதும் அணைக்கும் ஸொலினாய்டு ‘டிக்’ என்று ஒலிக்கிறதா என்று கேட்க வேண்டும்.

அடுத்தது டாங்கின் மூடி. அதிலுள்ள நுண்துளை சேற்றால் அடைபட்டால், டீஸல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றுவிடும். ஒரு மணி நேரம் ஓடி நின்று, சற்று நேரம் விட்டால் மறுபடி எடுக்கும் வண்டியில் இதனை ஐயுறுக. மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் ஐயம் உறுதியாயிற்று.

காலையில் வெகு நேரம் அடித்தால்தான் எடுக்கிறது, பின்னர் நாள் முழுவதும் நன்றாக எடுக்கிறது எனில், இரவில் டீஸல் குழாயில் காற்று புகுந்து டீஸல் பின்வாங்குகிறது. பம்புக்குப் பின்னேயுள்ள கசிவு ஈரமாகத் தெரியும். பம்புக்கு முன்னேயுள்ள கசிவு ஈரம் காட்டாமல் காற்றை மட்டும் உறிஞ்சும். ஆகவே உலர்ந்த இணைப்பும் குற்றமற்றதென்று கொள்ளலாகாது. வாஷர்களை மாற்றி, ஃபில்டர் மேலுள்ள காற்று எடுக்கும் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழியில்லாத டீஸல் வரும்போது திருகை இறுக்க வேண்டும். இன்ஜெக்டர் குழாய்களை மட்டும் பயின்ற மெக்கானிக்கே தொட வேண்டும். அவ்விடத்து அழுத்தத்தில் பீறும் டீஸல் தோலைத் துளைத்து உட்புகும். அக்காயம் சிறிதாகத் தோன்றினும் விரலையே இழக்கச் செய்யும்.

நீரும் ஒரு பகைவன். பாதி காலியான டாங்கில் இரவின் குளிர்ச்சியால் காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படிகிறது. இரு பருவமழைகளையும் பெறும் நம் பிரதேசத்தில் இது மிகுதி. ஆகையால் மாலையில் வேலை முடிந்ததும் டாங்கை நிரப்பிவைத்தல் நன்று. நீர் பிரிக்கும் கிண்ணத்தை வாரம் ஒரு முறை திறந்து வடித்துவிட வேண்டும். திறந்த வாளியில் டீஸல் கொண்டுவருவதும், வடிகட்டாமல் ஊற்றுவதும் பின்னால் வரும் பழுதுக்கு இன்றே போடும் வித்தாகும்.

வெண்புகை வந்தும் பற்றாவிட்டால் சுழற்சி வேகம் குறைவா, ஏர் கிளீனர் அடைந்ததா, அழுத்தம் குறைந்ததா என்று பார்க்க வேண்டும். குளிர்ந்தபோது நன்றாக எடுத்து, சூடேறி அணைத்த பின் எடுக்காத வண்டியில் இரண்டை ஐயுறலாம். மெல்லச் சுழன்றால் சூட்டால் தடை மிகுந்த ஸ்டார்ட்டர். வேகமாகச் சுழன்றும் பற்றாவிட்டால் தேய்ந்த டீஸல் பம்பு. தேய்ந்த பம்பில் சூடேறி நீர்த்த டீஸல் உள்ளேயே கசிந்துவிடும். இவை பணிமனைக்குரிய வேலை.

எந்த நிலையிலும் ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் ஸெல்ப் அடிக்கலாகாது. பின் ஒரு நிமிஷமாவது ஓய்வு கொடுக்க வேண்டும். இதை மறந்தால் சிறு பழுது ஸ்டார்ட்டரையே எரித்துவிடும்.

7. தொளி உழவால் வரும் கேடு

மேட்டு நிலத்தில் ஓடும் டிராக்டருக்கும் நம் வயலில் ஓடுவதற்கும் வேற்றுமை உண்டு. தொளி கலக்கும்போது கேஜ் வீல் வாரியெறியும் சேற்றுநீர், எஞ்சினின் பக்கத்தில் தாழ்ந்திருக்கும் ஸ்டார்ட்டரையும், கிளட்ச் அருகேயுள்ள ஸ்விட்சையும், எர்த் கம்பியின் முனையையும் நனைக்கிறது. உலர்ந்தபின் களிமண் உள்ளேயே தங்கிவிடுகிறது. கடற்காற்றின் உப்பீரம் செம்பைப் பச்சையாக்குகிறது. தொளி உழவு முடிந்த அன்றே சேற்றைக் கழுவ வேண்டும். ஆனால் அழுத்த நீரை ஸ்டார்ட்டர் மீதும் ஸ்விட்சுகள் மீதும் பீய்ச்சலாகாது. ஈரத்துணியால் துடைத்தலே தகும். வண்டியை ஒழுகாத கூரையின்கீழ் நிறுத்துதல் வேண்டும். ஸெல்ப் எடுக்காதென்று அஞ்சி, உருட்டிக் கிளப்புவதற்காக மேட்டில் நிறுத்திவைப்பது பழுதை வளர்ப்பதோடு, பிரேக் நழுவினால் விபத்தும் தரும்.

8. குறிப்புப் புத்தகம்

இப்பாடத்தின் மையம் இதுவே. டிராக்டரோடு ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் செல்ல வேண்டும். எடுக்காத ஒவ்வொரு முறையும் ஓட்டுபவர் அவ்விடத்திலேயே ஆறு விஷயங்களை எழுத வேண்டும்: தேதியும் மணியும், எஞ்சின் சூடா குளிர்ச்சியா, மழை அல்லது சேறு உண்டா, நான்கு அடையாளங்களில் எது, விளக்கு மங்கியதா, என்ன செய்தபின் எடுத்தது.

உதாரணமாக ஒரு சங்கத்தின் புத்தகத்தில் பின்வருமாறு எழுதியிருப்பதாகக் கொள்வோம். திங்கள் காலை 6 மணி: ஒரே முறையில் எடுத்தது. திங்கள் 11 மணி: சூடு, ஓசை இல்லை, விளக்கு மங்கவில்லை, கியர் லீவரை ஆட்டியபின் எடுத்தது. புதன் மாலை 5 மணி: சூடு, சேறு, ஓசை இல்லை, விளக்கு மங்கவில்லை, மூன்றாம் முறை எடுத்தது. வெள்ளி காலை 7 மணி: குளிர்ச்சி; ஓசை இல்லை; லீவரை ஆட்டியதும் எடுத்தது.

இதனைப் படிப்பவர் பாட்டரி வாங்கப் போகமாட்டார். விளக்கு மங்கவில்லை, ஆகவே பாட்டரியும் முனையும் அல்ல. ஓசை இல்லை; ஆகவே பெரிய மின்சாரத்தின் வழியன்று. சூட்டிலும் குளிரிலும் வருகிறது. ஆகவே சூடு காரணமன்று. இரு முறை லீவரை ஆட்டியபின் எடுத்தது. எஞ்சி நிற்பது லீவரின் அடியிலுள்ள பாதுகாப்பு ஸ்விட்சும் அதன் கம்பியுமே. பரிசோதனை விளக்கால் அதனை உறுதிசெய்து, சேறு படிந்த இணைப்பைச் சுத்தம் செய்தோ, ஸ்விட்சை மாற்றியோ வேலையை முடிக்கலாம். மூன்று வரிக் குறிப்பு ஒரு பாட்டரியின் விலையையும் ஒரு ஸ்டார்ட்டரின் விலையையும் சங்கத்துக்கு மிச்சப்படுத்துகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. புத்தகம் இருக்குமிடத்தில் வீண்பழிக்கு இடமில்லை. “உன் முறையில்தான் கெட்டது” என்று ஒருவர் மற்றவரைச் சொல்ல முடியாது. ஓட்டுபவர் நோட்டில் எழுதியதற்காக அவரைக் கடிந்துகொள்ளாதிருப்பது நிர்வாகக் கமிட்டியின் கடமை. எழுதினால் ஏச்சு வரும் என்று அஞ்சினால் யாரும் எழுதார். எழுதாத பழுது வளரும்.

நம் ஜில்லாவின் மார்த்தாண்டத்திலேயே 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.யின் கிராமப் புனருத்தாரண நிலையத்தை ஸ்பென்ஸர் ஹாட்ச் நடத்தினார். கோழி வளர்ப்பும் தேனீ வளர்ப்பும் அங்கே பரவின. நிபுணரின் யோசனை அருகில் இருக்க வேண்டும். வேலையைக் கிராமத்தார் தாமே செய்ய வேண்டும் என்பது அந்நிலையத்தின் கொள்கை. டிராக்டர் விஷயத்திலும் மெக்கானிக்கின் இடத்தை நாம் பிடிக்க வேண்டியதில்லை. அவர் வந்ததும் சரியான செய்தியைக் கையில் கொடுக்கத் தெரிந்தால் போதும்.

9. சங்கக் கூட்டத்தில் செய்யத்தக்கவை

முதலாவது, ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுக் கிளப்புவதையும் பாதுகாப்பு ஸ்விட்சைத் துண்டிப்பதையும் தடுக்கும் தீர்மானம். இரண்டாவது, குறிப்புப் புத்தகமும் பரிசோதனை விளக்கும் வாங்குதல். மூன்றாவது, கன்னிப்பூ அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே முனைகள், எர்த் கம்பி, பெல்ட், ஃபில்டர் ஆகியவற்றைப் பார்த்துவிடும் நாளைக் குறித்தல். நான்காவது, குறிப்பைக் காட்டாமல் எந்தப் பாகத்துக்கும் பணம் அனுமதிப்பதில்லை என்னும் விதி.

வினாக்கள்

1. விளக்கு எரிந்தும் ஸ்டார்ட்டர் சுழலாமைக்குக் காரணம் யாது? கணக்கிட்டுக் காட்டுக.
2. நான்கு அடையாளங்களையும் அவற்றின் பொருளையும் கூறுக.
3. உலர்ந்த டீஸல் இணைப்பும் ஏன் ஐயத்துக்குரியது?
4. ஸ்டார்ட்டர் முனைகளைத் தரையில் நின்று தொடுவது உயிருக்கு ஆபத்தாவது எவ்வாறு?
5. உங்கள் சங்க டிராக்டர் கடைசியாக எடுக்காத வேளையில் என்ன அடையாளம் கண்டது? கூடியிருப்போருள் எத்தனை பேர் ஒரே விடை கூறுகின்றனர்?

ஐந்தாம் வினாவுக்கு ஆளுக்கொரு விடை வருமாயின், குறிப்புப் புத்தகத்தை அன்றே தொடங்குக.